2,500 ரூபாய் ஸ்பைரல் ரிப்போர்ட்டும் ஓசியில் கிடைத்த 60 கேள்வியும்

"எனக்குப் பிடித்த வேலை எது" என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் இரண்டு விஷயத்தைப் போன வருஷம் நானும் தம்பியும் முயற்சி செய்து பார்த்தோம். ஒன்று காசு கொடுத்து, இன்னொன்று இலவசமாக. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இலவசமானதை எடுங்கள், அந்த 2,500 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் நாங்கள் யார் என்று சொன்னால்தான் புரியும். ஊர் காவேரிப்பட்டணம். நான் பி.காம். முடித்துவிட்டு ஏழு வருஷமாகக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். மே கடைசியிலிருந்து ஜூலை வரை சீசன், அப்போது வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான். தம்பி டிப்ளமோ இ.இ.இ. படித்தவன். ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினோரு மாதம் லைனில் நின்றான், ஒரே இடத்தில் நின்று வருகிற ஒவ்வொரு பீஸுக்கும் அதே நான்கு ஸ்க்ரூவை முடுக்கும் வேலை, ஒரு நாள் பையோடு வீட்டுக்கு வந்து "இனிமே போகமாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஒரே மருந்துதான் தெரியும், குரூப் 4. காய்ச்சல் வந்தால்கூடக் குரூப் 4 எழுதச் சொல்வார் போல.

சரி, யாராவது விவரம் தெரிந்தவரிடம் கேட்கலாம் என்று போனதுதான் அந்தக் கேரியர் கவுன்சலிங் இடம். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை, ஒரு மாடி, ஏ.சி. ரூம், சுவரில் மூளையின் படம். வாசலில் செருப்பு விட்டுவிட்டு உள்ளே போனதும் தம்பியின் பத்து விரலையும் ஒரு சின்ன மெஷினில் வைக்கச் சொன்னார்கள். ரேஷன் கடையில் வைப்பது மாதிரியேதான், அங்கே ஒரு விரல், இங்கே பத்து. ரேகையை வைத்து மூளையின் எந்தப் பக்கம் பலம் என்று சொல்லிவிடுவார்களாம். விரல் ரேகைக்கும் ஒருவருக்கு என்ன வேலை பிடிக்கும் என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தவள் நான், முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஆனால் பணம் கட்டிய பிறகு மனசு நம்பத்தான் பார்க்கும்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. 38 பக்கம், கலரில், ஸ்பைரல் பைண்டிங் போட்டு. முன் அட்டையில் தம்பி பெயர். பதினேழாம் பக்கத்தில் வேறொரு பையனின் பெயர். "இந்தக் குணங்களால் இவர் சிறந்த தலைவராக வருவார்" என்று அந்தப் பையனைத்தான் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டதற்கு அந்த மேடம் பதறவே இல்லை, "டைப்பிங் மிஸ்டேக், ரெண்டு பேருக்கும் அதே ரிசல்ட்தான் வந்துச்சு" என்றார். முடிவு என்னவென்றால் தம்பிக்கு மேலாண்மைத் திறன் அதிகம், பி.பி.ஏ. படிக்க வேண்டும், எந்தக் கல்லூரி என்பதற்கு நோட்டீஸும் அதே மேஜையில் அடுக்கி வைத்திருந்தது. மறுநாளிலிருந்து அந்தக் கல்லூரியிலிருந்து போன். நான்கு முறை எடுத்தேன், ஐந்தாவது முறை பிளாக் செய்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் யாருமே அவனிடம் "நீ சும்மா இருக்கும்போது என்னப்பா செய்வே" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், எங்கள் தெருவில் யார் வீட்டு போர் மோட்டார் நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள், மிக்சி, டேபிள் ஃபேன் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான் என்று.

அந்த இடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

இலவசமானது எப்படிக் கிடைத்தது என்றால், கோபத்தில் இரவு உட்கார்ந்து தேடியதில். ஓ-நெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர் என்று பெயர், அமெரிக்கத் தொழிலாளர் துறை பணம் போட்டு நடத்துகிறது, மை நெக்ஸ்ட் மூவ் என்ற அவர்களுடைய தளத்தில் இருக்கிறது. போன் நம்பர் கொடுக்காமலேயே எடுக்கலாம், அதுவே எனக்குப் பாதி நிம்மதி. மொத்தம் 60 வரி. ஒவ்வொரு வரியும் ஒரு காரியம். அதைச் செய்யப் பிடிக்குமா என்று மட்டும் சொல்ல வேண்டும். ரொம்பப் பிடிக்காது, பிடிக்காது, தெரியவில்லை, பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும் என்று ஐந்து பதில், ஐந்து முகம் போட்டிருக்கும். ஆரம்பிக்கும்போதே ஒன்று சொல்லிவிடுகிறார்கள், இதற்குத் தேவையான படிப்பு உனக்கு இருக்கிறதா, இதில் எவ்வளவு சம்பளம் வரும் என்பதையெல்லாம் இப்போது யோசிக்காதே, பிடிக்குமா பிடிக்காதா என்று மட்டும் பார். இதை அம்மாவிடம் சொன்னேன். "சம்பளத்தை யோசிக்காதேன்னு சொல்றவனுக்கு யாரு சோறு போடறாங்க" என்றார். நியாயமான கேள்விதான், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதன் அடிப்படை ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளருடையது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்து வகை பிரிக்கும் வேலை பார்த்தவர். வருகிற ஒவ்வொருவனும் தனி ரகம் என்று சொன்னாலும் சுற்றிச் சுற்றிச் சில வகைக்குள்தான் வருகிறார்கள் என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1959-இல் அதைக் கோட்பாடாக எழுதினார். இப்போது ஆறு வகை சொல்கிறார்கள். ரியலிஸ்டிக் என்றால் கையால், கருவியால், மண்ணில், மெஷினில் வேலை செய்கிறவர்கள். இன்வெஸ்டிகேட்டிவ், ஏன் எப்படி என்று நோண்டுகிறவர்கள். ஆர்ட்டிஸ்டிக், படம், பாட்டு, எழுத்து. சோஷியல், சொல்லிக் கொடுக்கிற, பார்த்துக்கொள்கிற ஆட்கள். என்டர்ப்ரைசிங், பேசி ஆளைச் சேர்த்து வியாபாரம் பண்ணுகிறவர்கள், பர்கூர் ஜவுளிக்கடைத் தெருவில் வாசலிலேயே நின்று நம்மை உள்ளே இழுக்கிறாரே அவர். கன்வென்ஷனல், ரெஜிஸ்டர், ரசீது, கணக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் தூக்கம் வரும் என்கிற ஜாதி. நான் கடைசி ஜாதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆறையும் ஒரு அறுகோணத்தின் ஆறு மூலையில் வைக்கிறார். பக்கத்து மூலையில் இருப்பவை கொஞ்சம் ஒத்துப்போகும், எதிர் மூலையில் இருப்பவை ரொம்பத் தூரம். கைவேலைக்கு நேர் எதிரில் சோஷியல், கலைக்கு நேர் எதிரில் ரெஜிஸ்டர் ஆசாமி, நோண்டுகிறவனுக்கு நேர் எதிரில் வியாபாரி. ஒவ்வொரு வகைக்கும் பத்து வரி, ஒரு வரிக்கு 0-லிருந்து 4 வரை என்பதால் ஒவ்வொன்றுக்கும் 40-க்கு மார்க்.

பதினைந்து இருபது நிமிஷத்தில் முடிக்கக்கூடியது எங்களுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. தளம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் இருக்கிறது, தமிழ் கிடையாது. அவர்கள் ஊர்க்காரர்களுக்காகச் செய்தது, நமக்குத் தமிழில் வை என்று கேட்க முடியாது. ஆங்கிலம் தடுக்கும் என்பதால் ஒவ்வொரு வரியையும் நான் நம்ம பக்கத்து வேலையாக மாற்றித் தம்பிக்குச் சொன்னேன். அதில்தான் விஷயமே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

உதாரணத்துக்கு, மீன் பண்ணையில் மீன் வளர்ப்பது என்று ஒரு வரி. அதை அப்படியே படித்தால் நமக்கு ஒன்றும் ஓடாது. கே.ஆர்.பி. அணையில் மீன்குஞ்சு விடுகிறார்களே அது என்றதும் அவனுக்குப் புரிந்தது, "வறுத்துச் சாப்பிடத்தான் பிடிக்கும்" என்று சொல்லி "பிடிக்காது" போட்டான். சமையலறைக்கு அலமாரி செய்வது, செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது, பூட்டு ரிப்பேர், வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது, அனுப்புவதற்கு முன் பாகங்களின் தரம் பார்ப்பது என்று கைவேலை வரிகள் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். தரம் பார்ப்பது என்றதும் மட்டும் கொஞ்சம் யோசித்தான், ஓசூர் ஞாபகம் வந்துவிட்டது போல.

இங்கே ஒரு குழப்பம் வரும், எனக்கும் வந்தது. பூட்டு ரிப்பேர் செய்யப் பிடிக்குமா என்றால் நான் யோசிக்காமல் "பிடிக்காது" என்று அமுக்கினேன். அப்புறம் பார்த்தால் நான் வாழ்க்கையில் ஒரு பூட்டைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. வீட்டில் எது கெட்டாலும் முதலில் அப்பா, அப்புறம் தம்பி. ஸ்க்ரூ டிரைவர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எடுத்துக் கொடுப்பதற்காக. செய்து பார்க்காததையெல்லாம் பிடிக்காது என்று போட்டால் பெண்களில் நிறையப் பேருக்குக் கைவேலை மார்க் தரையில்தான் இருக்கும், அது பிடிக்காததால் இல்லை, யாரும் கையில் கொடுக்காததால். அதனால் திரும்பப் போய் அந்த மாதிரி வரிக்கெல்லாம் "தெரியவில்லை" போட்டேன். பெண் பிள்ளைகளை உட்கார வைத்து இதை எடுப்பவர்கள் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

நான் மாட்டிக்கொண்டது இன்னொரு வரியில். பணியாளர்களின் கூலியைக் கணக்கிடுவது. படித்ததும் எரிச்சல் வந்தது, தினம் தினம் இதைத்தானே செய்கிறேன், ரொம்பப் பிடிக்காது என்று கை போய்விட்டது. தம்பி பக்கத்தில் இருந்துகொண்டு, "அக்கா, சனிக்கிழமை அந்த 36 ரூபாயைப் பத்தி வந்து அரை மணி நேரம் சொன்னியே" என்றான்.

அந்த 36 ரூபாய் என்னவென்றால், சீசனில் வாராவாரம் சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. அந்த வாரம் 84 பேர். ஷிப்ட் ரெஜிஸ்டர் கூட்டினால் ஒரு தொகை, என் ஷீட்டில் வேறு தொகை, 36 ரூபாய் இடிக்கிறது. மேனேஜர் சார் "விடும்மா, ரவுண்ட் ஆஃப்ல போட்டுடு" என்றார். என்னால் விட முடியவில்லை. மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனேன். பழம் நறுக்கும் பக்கத்தில் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள், இனிஷியல் மட்டும் வேறு, ஒருவர் புதிது, ஒருவர் பழைய ஆள், கூலி விகிதம் வேறு. ஒருவர் பார்த்த ஓ.டி.யை இன்னொருவர் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். கண்டுபிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. அந்தப் பழைய அம்மாவைக் கூப்பிட்டு ஷீட்டைக் காட்டி எப்படித் தப்பு வந்தது என்று விளக்கினேன், அவர் "எனக்கெங்க கண்ணு இதெல்லாம் தெரியும், நீ பாத்தியே அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியென்றால் கூலிக் கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்கத்தானே செய்கிறது? பின்னே ஏழு வருஷமாக இந்த வேலை பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று புலம்புகிறேனே, அது எதைப் பற்றி? அன்றைக்குத் தேர்வை அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஆபீசில் காலையிலிருந்து இரவு வரை நான் செய்கிற ஒவ்வொன்றையும் அந்த 60 வரி மாதிரியே எழுதினேன். எடைமேடைச் சீட்டைப் பதிவது. சீட்டைப் பார்த்து விவசாயிக்குப் பணம் கணக்குப் போடுவது. கழிவு ஏன் இவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்வது. பேங்க் ஸ்டேட்மென்ட் சரி பார்ப்பது. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு விவரம் எடுத்து ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்புவது. பாக்கி வைத்திருக்கிற பார்ட்டிக்குப் போன் போடுவது. புதிதாக வந்த பெண்ணுக்கு டாலி சொல்லிக் கொடுப்பது. இப்படி 23 வந்தது. ஒவ்வொன்றுக்கும் அதே ஐந்து முகம்.

பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும் என்று 13. தெரியவில்லை 4. பிடிக்காது 6. அந்த ஆறில் நான்கு, யாரிடமாவது பணம் கேட்டுப் போன் போடுவது அல்லது அதைச் சுற்றி வருவது. ஒரு பார்ட்டி எடுக்கமாட்டார், ஒருவர் எடுத்துத் திட்டுவார், ஒருவர் "நாளைக்கு" என்று மூன்று மாதமாகச் சொல்வார். ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூட இருக்காது அது. ஆனால் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கும், அந்த ஒரு மணி நேரம் மற்ற எட்டு மணி நேரத்தையும் கசக்கிவிடும். வேலையையே மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் மாற்ற வேண்டியது இந்த நான்கு வரியைத்தான். ஆறு மாதமாக நைசாகப் பேசிப் பேசி இப்போது பாக்கி வசூலை சேல்ஸ் பையனிடம் தள்ளிவிட்டேன், அவனுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கிறது, அவன் பர்கூர்க்காரன் வேறு. பதிலுக்கு இந்த சீசனில் விவசாயிகளுக்குச் சீட்டுக் கணக்கு முடிக்கும் மேஜையை நான் எடுத்துக்கொண்டேன். பெங்களூரா மாம்பழ லோடு வரிசையில் நிற்கும்போது அந்த மேஜையில் உட்கார யாருக்கும் ஆசை இருக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்க்குக்கு வருகிறேன். ஜூனில் சீசன் நடுவில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை எடுத்தேன். ஜூனில் சோஷியல் 22, கன்வென்ஷனல் 19. செப்டம்பரில் 31, 27. தூக்கம் இல்லாமல் எடுத்தால் உலகத்தில் எதுவுமே பிடிக்காது போலிருக்கிறது. ஆனால் வரிசை மாறவில்லை, இரண்டு தடவையும் சோஷியல்தான் மேலே. அதனால் மார்க்கைப் பார்க்காமல் வரிசையைப் பாருங்கள், முடிந்தால் இரண்டு முறை எடுங்கள். கணக்குப் பிள்ளை என்று என்னையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சி. அந்த 36 ரூபாயிலும் பாதி சந்தோஷம் அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொன்னதில்தான் இருந்தது என்று அப்புறம் யோசித்தால் புரிகிறது.

தம்பிக்கு ரியலிஸ்டிக் 35, இன்வெஸ்டிகேட்டிவ் 26, மற்றதெல்லாம் ரொம்பக் கீழே. என்டர்ப்ரைசிங், அதாவது அந்த 38 பக்கம் அவனிடம் நிறைய இருப்பதாகச் சொன்ன சமாச்சாரம், 11. கடை நடத்துவது, துணி விற்பது, ஒப்பந்தம் பேசுவது என்று வரிசையாக வந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஓசூர் வேலையும் மேலோட்டமாகப் பார்த்தால் கைவேலைதான், மெஷின் பக்கத்தில்தான். அப்புறம் ஏன் ஓடி வந்தான் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டாவது மார்க்கைப் பார்த்ததும் கொஞ்சம் விளங்கியது. அவனுக்குக் கையும் வேண்டும், ஏன் நின்றது என்று நோண்டவும் வேண்டும். நான்கு ஸ்க்ரூவில் நோண்ட என்ன இருக்கிறது?

தேர்வு முடிந்ததும் எவ்வளவு படிப்பு, பயிற்சி வரை போகத் தயார் என்று கேட்கும், ஜாப் ஜோன் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்றில் பெரிதாகப் பயிற்சி தேவையில்லை, ஐந்து என்றால் வருஷக்கணக்கில் படிக்க வேண்டியது. அதைத் தேர்ந்தெடுத்தால் வேலைப் பட்டியல் வரும். தம்பிக்கு வந்ததில் மின் மோட்டார் பழுது பார்ப்பவர் என்று ஒன்று. அதைத் திறந்தால் அந்த வேலைக்காரர் என்னென்ன செய்வார் என்று வரி வரியாகப் போட்டிருக்கிறது, மோட்டாரைப் பிரிப்பது, மின்னழுத்தம் அளந்து எங்கே கோளாறு என்று பார்ப்பது, காயிலைத் திரும்பச் சுற்றுவது. "அக்கா, காயில் கட்டறதைக்கூட அமெரிக்காக்காரன் எழுதி வெச்சிருக்கான்" என்று அவன் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. தெருவில் எல்லோரும் ஓசியில் செய்து வாங்கிக்கொண்ட ஒன்றுக்கு ஒரு பெயர், ஒரு பட்டியல், ஒரு பக்கம் இருக்கிறது என்று பார்த்ததில் அவனுக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

அந்தப் பட்டியலில் இருக்கும் சம்பளம், வேலைக்கு எவ்வளவு கிராக்கி என்பதெல்லாம் அமெரிக்கக் கணக்கு, நமக்கு ஒரு உபயோகமும் இல்லை, டாலரைப் பெருக்கிப் பார்த்து ஏங்காதீர்கள். இங்கே என்ன நிலவரம் என்பதைக் காலால் நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இரண்டு மூன்று மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஏறி இறங்கினோம். போர்வெல் இல்லாத தோட்டமே இல்லாத ஊர் இது, தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை என்று எங்கே பார்த்தாலும் தக்காளிக்கும் பூவுக்கும் தண்ணீர் இறைத்தாக வேண்டும், கோடையில் மோட்டார் புகையாத நாள் கிடையாது. ஒரு கடைக்காரர், "டிப்ளமோ படிச்சிட்டு காயில் கட்ட வர்றியா, ஓடிற மாட்டியே" என்று கேட்டுவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். இப்போது எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் ஓசூரில் வாங்கியதைவிடக் குறைவு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், மாதக் கடைசியில் என்னிடம்தான் பெட்ரோலுக்குக் கேட்கிறான். அம்மா கேட்ட கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. பிடிக்குமா என்பதை மட்டும்தான் இந்தத் தேர்வு கேட்கும். வருமா, கட்டுப்படியாகுமா, வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்பது எதுவும் அதற்குத் தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் அந்த மாடி மேடம் மாதிரி ஆகிவிடுவேன். விருப்பமும் வேலையும் பொருந்தினால் மனநிறைவு தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் கிடைத்த ஒட்டுறவு 0.2-க்குப் பக்கத்தில்தான், முழுசாகப் பொருந்தினால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறது, ஆனால் சின்னது. கூட வேலை செய்கிற ஆட்கள், முதலாளியின் வாய், சம்பளம் கைக்கு வருகிற தேதி, ஷிப்ட் பஸ் எல்லாம் மீதியில் இருக்கிறது. மார்க் அதிகம் வந்த மூன்று வகையின் முதல் எழுத்தைச் சேர்த்துச் சொல்லும் மூன்று எழுத்துக் குறியீட்டை மட்டும் நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

காசு கொடுக்காமல் ஆளிடம் நேரில் கேட்க வேண்டும் என்பவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குப் போகலாம், கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது தருமபுரியிலும் இருக்கிறது. பெயரிலேயே வழிகாட்டுதல் இருந்தாலும் நம்ம ஆட்கள் அதைப் பதிவு புதுப்பிக்கிற இடமாக மட்டும்தான் நினைக்கிறோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது, அதில் பயிற்சிகள் நிறைய. எங்கே போவதாக இருந்தாலும் முதலில் உங்கள் 60 வரியை எடுத்துக்கொண்டு போங்கள், "எனக்கு எது நல்லது" என்று வெறும் கையோடு போய் நின்றால் எதிரில் இருப்பவர் அவருக்குத் தெரிந்ததைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

இலவச 60 கேள்விக்கு என் கணக்கில் ஐந்துக்கு நான்கு. ஒரு நட்சத்திரம் குறைத்தது, பக்கத்தில் உட்கார்ந்து நம்ம ஊர் வேலையாக மாற்றிச் சொல்லவும், பொய் சொன்னால் "அக்கா, அந்த 36 ரூபாய்" என்று ஞாபகப்படுத்தவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பதற்காக. தனியாக எடுத்திருந்தால் நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். மாடிக்கு நட்சத்திரம் கிடையாது, ஸ்பைரல் பைண்டிங் மட்டும் நன்றாக இருந்தது, அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கங்களில்தான் அம்மா இப்போது பால் கணக்கு எழுதுகிறார்.

அந்த 60 வரியையும் தமிழில் மாற்றி எழுதிய என் நோட்டு கைமாறிக் கைமாறி இப்போது எதிர் வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது, பிளஸ் டூ படிக்கிறாள், வீட்டில் நர்சிங் என்று முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நிப்பட்டு கொடுக்க வந்தவளிடம் எங்கே வரைக்கும் போட்டாய் என்று வாங்கிப் பார்த்தேன். நோயாளி சம்பந்தப்பட்ட வரியில் எல்லாம் "தெரியவில்லை". காட்டுத் தீயை அணைப்பது என்று ஒரு வரி வரும், அதை நான் பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காடு என்று அடைப்புக்குள் எழுதியிருந்தேன். அதற்கு "ரொம்பப் பிடிக்கும்" போட்டு, கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறாள். அவள் அம்மா என் கையிலிருந்து நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தார். வனக்காப்பாளர் வேலைக்கும் 2024-இலிருந்து குரூப் 4 தேர்வில்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். குரூப் 4 என்றதும் உள்ளேயிருந்து எங்கள் அம்மா, "யாரு எழுதறா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்.